ஒரு மாநிலத்தில் எச்ஐவி கூடுகிறதா, குறைகிறதா என்பதை எப்படி அறிகிறார்கள்?

2005-ஆம் ஆண்டின் நடுவில், இந்தியாவில் அதுவரை பதிவாகியிருந்த எய்ட்ஸ் நோயாளிகளின் கணக்கை மாநில வாரியாகப் பார்த்தவர்கள் திடுக்கிட்டிருப்பார்கள். நாட்டின் மக்கள்தொகையில் 6 சதவீதத்தினர் மட்டுமே வாழும் தமிழ்நாடு, அந்தக் கணக்கில் ஏறத்தாழப் பாதியைத் தன் பெயரில் வைத்திருந்தது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டைப் பற்றிப் பரவலாக ஏற்பட்ட அச்சத்துக்கு இந்த எண் ஒரு காரணமாக இருந்தது.

அதே காலகட்டத்தில், 2005-06-இல், தேசியக் குடும்பநல ஆய்வின் மூன்றாம் சுற்று நடந்தது. வீடு வீடாகச் சென்று, ஒப்புதல் தந்தவர்களின் விரல்நுனியிலிருந்து சில சொட்டு இரத்தம் பெற்று, நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் பேருக்கு எச்ஐவி பரிசோதனை செய்தார்கள். 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் தொற்று இருந்தவர்களின் பங்கு மணிப்பூரில் 1.13 சதவீதம், ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 0.97, கர்நாடகத்தில் 0.69, மகாராட்டிரத்தில் 0.62 என்று வந்தது. தமிழ்நாட்டில் 0.34 சதவீதம்தான். நோயாளிகள் பட்டியலில் எல்லா மாநிலங்களுக்கும் மேலே நின்ற தமிழ்நாடு, மக்களிடையே நேரடியாக அளந்தபோது ஆந்திரத்தின் அளவில் பாதியைக்கூட எட்டவில்லை.

இரண்டு எண்களில் ஒன்று பொய் என்று எண்ணத் தோன்றும். இரண்டுமே மெய்தான், இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். எச்ஐவி போன்ற ஒரு தொற்றை ஒரு மாநிலம் முழுவதும், ஆண்டுக்கணக்கில் எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இதைத்தான்: எந்த எண்ணைக் கண்டாலும், அது யாரிடம், எங்கே, எந்த வழியில் எடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

நோயாளிகள் பட்டியல் என்பது, மருத்துவமனைக்கு வந்து, எய்ட்ஸ் என்று கண்டறியப்பட்டு, மேலிடத்துக்கு எழுதி அனுப்பப்பட்டவர்களின் தொகை. நன்றாகத் தேடுகிற மாநிலத்தில் அது பெருகும். தேடாத மாநிலத்தில் நோய் இருந்தும் பட்டியல் வெறுமையாக இருக்கும். தமிழ்நாட்டில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, பிற இடங்களில் கதவடைக்கப்பட்ட எச்ஐவி நோயாளிகளைப் பெருந்தொகையாகச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் பார்த்தது. அண்டை மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கே வந்தனர். அவர்கள் எல்லோரும் கணக்கில் ஏறினார்கள். ஆக, அந்தப் பட்டியல் தமிழ்நாட்டின் நோய்ச்சுமையைக் காட்டியதைவிட, நோயாளிகளைத் திருப்பி அனுப்பாத ஒரு மருத்துவமனையின் உழைப்பைக் காட்டியது என்றே நான் படிக்கிறேன்.

தொற்று, நோய், இடைப்பட்ட ஆண்டுகள்

எச்ஐவி என்பது ஒரு நுண்கிருமி. எய்ட்ஸ் என்பது அக்கிருமி உடலின் எதிர்ப்பாற்றலைப் பெருமளவு அழித்த பிறகு வரும் நிலை. இரண்டுக்கும் நடுவே, மருந்து எடுக்காத ஒருவருக்குச் சராசரியாக 8 முதல் 10 ஆண்டுகள் கழிகின்றன. அந்த ஆண்டுகளில் பெரும்பாலானோர் நலமாக நடமாடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், திருமணம் செய்துகொள்கிறார்கள், தமக்குள் தொற்று இருப்பதை அறிவதே இல்லை. ஆகவே எய்ட்ஸ் நோயாளிகளை மட்டும் எண்ணுகிற மாநிலம், பத்தாண்டுக்கு முன் நடந்ததைத்தான் இன்று பார்க்கிறது. இன்று எத்தனை பேருக்குத் தொற்றுகிறது என்பது அதன் கண்ணுக்குப் படாது.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டதும் நோயாளிகள் வழியாக அல்ல. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், செல்லப்பன் நிர்மலா என்ற முதுநிலை மாணவி பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. பின்னர் அமெரிக்காவில் அது உறுதி செய்யப்பட்டது. அந்தப் பெண்களில் எவரும் எய்ட்ஸ் நோயாளியாக மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர்கள் அல்லர். நோய் வரும்வரை காத்திராமல் தேடியதால்தான் கிடைத்தது. ஆயினும் அந்த ஆறு என்ற எண், கிருமி வந்துவிட்டது என்பதை மட்டுமே சொன்னது. எவ்வளவு பரவியிருக்கிறது, எந்த வேகத்தில் பரவுகிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. அதற்கு ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது.

கர்ப்பிணிகளை ஏன் பரிசோதிக்கிறார்கள்?

ஒரு மாநிலத்தின் ஏழு கோடிப் பேரையும் ஆண்டுதோறும் பரிசோதிப்பது நடவாத காரியம். ஆதலால் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, அந்த இடங்களிலேயே மீண்டும் மீண்டும் அளக்கிறார்கள். இதற்குக் காவல் கண்காணிப்பு என்று பெயர். கோட்டையின் எல்லாச் சுவரிலும் வீரர்களை நிறுத்தாமல், சில காவல் கோபுரங்களில் மட்டும் ஆள் நிறுத்துவதைப் போன்றது. இந்தியாவில் 1998 முதல் இது முறையாக ஆண்டுதோறும் நடந்தது; 2008-க்குப் பிறகு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. தென்மாநிலச் சுற்றுகளுக்குச் சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் துணைநிற்கிறது.

பொதுமக்களின் நிலையை அறிய அவர்கள் தேர்ந்துகொண்ட கோபுரம், அரசு மருத்துவமனையின் கர்ப்பகாலப் பரிசோதனைப் பிரிவு. காரணம் எளியது. எச்ஐவி பெரும்பாலும் உடலுறவால் பரவுகிறது. கர்ப்பிணி என்பவர் அண்மையில் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் உறவு கொண்டவர். அவர் நோய்க்காக வரவில்லை, ஆகவே நோயாளிகள் மட்டுமே சேரும் கூட்டம் அல்ல அது. எல்லா மாவட்டங்களிலும், எல்லாச் சாதியினரும், பல பொருளாதார நிலையினரும் வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிபிலிஸ் உள்ளிட்ட வழக்கமான பரிசோதனைகளுக்காக அவரிடம் எப்படியும் இரத்தம் எடுக்கிறார்கள். புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை.

கண்காணிப்புச் சுற்று நடக்கும் மூன்று மாதங்களில் ஒரு மருத்துவமனையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். காலையில் பதிவு மேசையின் முன் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். 15 முதல் 49 வயதுக்குட்பட்டவராக, கண்காணிப்புக் காலத்தில் முதல்முறையாக வருகிறவராக இருந்தால், அவர் சேர்க்கப்படுகிறார். அடுத்தவரும் தகுதியுடையவர் என்றால் அவரும், அதற்கடுத்தவரும். 400 பேர் ஆகும்வரை ஒருவரையும் தாண்டக் கூடாது. ‘இவரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை’ என்று விட்டுவிடவும், ‘இவர் கணவர் லாரி ஓட்டுநராமே’ என்று தேடிச் சேர்க்கவும் செவிலியருக்கு இடமே இல்லை. வரிசை தீர்மானிக்கிறது, மனிதர் தீர்மானிப்பதில்லை. இந்த ஒழுங்கு குலைந்தால் பிறகு எவ்வளவு நுணுக்கமான கணக்கும் பயன்படாது.

ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்பப்படுகிறது. வயது, படிப்பு, இது எத்தனையாவது கர்ப்பம், வசிக்கும் இடம், தம் வேலை, கணவரின் வேலை, கணவர் ஆறு மாதத்துக்கு மேல் வேலைக்காக வேறோர் ஊரில் தனியே தங்குகிறாரா என்பவை அதில் உள்ளன. பெயர் இல்லை, முகவரி இல்லை. வழக்கமான பரிசோதனைக்குப் போக எஞ்சிய இரத்தத்திலிருந்து பிரித்த நீர்ப்பகுதி, ஒரு குறியீட்டு எண் மட்டும் எழுதிய சிறு குழாயில் ஆய்வகத்துக்குப் போகிறது. தொற்று காட்டிய மாதிரிகள் அனைத்தும், காட்டாதவற்றில் ஒரு பகுதியும், தரம் சரிபார்ப்பதற்காக மேல்நிலை ஆய்வகத்தில் மறுபடி சோதிக்கப்படுகின்றன.

பெயர் நீக்கிச் சோதிப்பதால், தொற்று இருப்பது தெரிந்தும் அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியாதே என்ற கேள்வி எழும். எழ வேண்டிய கேள்விதான். கண்காணிப்பு தொடங்கிய காலத்தில், எச்ஐவி என்ற சொல் வெளியே கசிந்தாலே வீட்டை விட்டுத் துரத்தப்படும் நிலை இருந்தது. அரசு மருத்துவமனைகளில் தருவதற்கு மருந்தும் இல்லை. அந்தச் சூழலில் பெயர் நீக்குவது அவரைக் காப்பதற்கான வழியாக இருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் எச்ஐவியை அடக்கும் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கிய பிறகு, அறத்தின் கணக்கும் மாறிவிட்டது. மருந்து இருக்கும்போது, அறிந்தும் அறிவிக்காமல் இருப்பதை நியாயப்படுத்துவது கடினம். அதனால்தான் அதே மருத்துவமனையில் எச்ஐவி ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் உள்ள நம்பிக்கை மையத்தில் கர்ப்பிணிகள் அனைவருக்கும் தனியாக, ஆலோசனையுடனும் ஒப்புதலுடனும், பரிசோதனை செய்து முடிவைக் கையில் தருகிறார்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனமும், பெயர் நீக்கிய முறையை விட்டு இத்தகைய வழக்கமான பரிசோதனைத் தரவுகளைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தும் பக்கம் நாடுகள் நகர வேண்டும் என்று வழிகாட்டியது.

400-இல் நான்கு

ஓர் இடத்தில் 400 பேரில் 4 பேருக்குத் தொற்று இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அளவு 1 சதவீதம். அடுத்த ஆண்டு 2 பேருக்கு மட்டும் இருந்தால் 0.5 சதவீதம். ‘எங்கள் மாவட்டத்தில் எச்ஐவி பாதியாகக் குறைந்தது’ என்று செய்தி போட்டுவிடலாமா? கூடாது. 400 பேரில் 4 பேர் என்று வந்தால், அந்த ஊரின் உண்மையான அளவு 0.3 சதவீதத்துக்கும் 2.5 சதவீதத்துக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருந்திருக்கலாம் என்பதே புள்ளியியல் தரும் விடை. அந்த வரிசையில் யார் எந்த நாளில் வந்து நின்றார் என்ற தற்செயல், நான்கை இரண்டாக்கவும் ஏழாக்கவும் போதுமானது.

இப்படிப்பட்ட 60 இடங்களைச் சேர்த்தால் 24,000 பேர் ஆகிறார்கள். அவர்களில் 240 பேருக்குத் தொற்று இருந்தால் அதுவும் 1 சதவீதம்தான். ஆனால் இப்போது தடுமாற்றம் சுமார் 0.87-க்கும் 1.13-க்கும் இடையே சுருங்கிவிடுகிறது. ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டால் நடைமுறையில் அது சற்று விரியும் என்றாலும், மாநிலத்தின் எண் ஓரளவு உறுதியாக நிற்கும். மாவட்டத்தின் எண்ணை ஓராண்டு மாற்றத்தை வைத்து எடைபோடக் கூடாது, பல ஆண்டுகளின் போக்கைப் பார்க்க வேண்டும் என்று துறையினர் வலியுறுத்துவது இதனால்தான். லாரிகளுக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கும் பெயர்பெற்ற நாமக்கல், ஆண்டுக்கணக்காகப் பிற மாவட்டங்களைவிட உயர்ந்த அளவைக் காட்டியது. ஒருமுறை உயர்ந்ததற்கும் தொடர்ந்து உயர்ந்தே நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டின் கர்ப்பிணிகளிடையே 2001 வாக்கில் 1 சதவீதத்தைச் சற்றுத் தாண்டி நின்ற தொற்று அளவு, அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, இருபது ஆண்டுகளில் 0.2 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கிறது. ஒரே வகை இடங்களில், ஒரே வகையினரிடம், ஒரே முறையில் இத்தனை சுற்றுகள் எடுத்ததால்தான் இந்த இறக்கத்தை நம்ப முடிகிறது.

ஏரியின் மட்டமும் வரத்தும்

அளவு இறங்கியது என்பதால் பரவல் நின்றது என்று முடிவுகட்டிவிடலாமா? தொடக்க நிலை வாசகர் மிகவும் வழுக்கும் இடம் இது.

ஓர் ஏரியை நினைத்துக்கொள்வோம். வரத்துக்கால் வழியாக நீர் வருகிறது. மதகு வழியாக வெளியேறுகிறது. கரையில் நட்ட கல்லில் தெரியும் மட்டம், இன்றைக்கு ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் காட்டும். எச்ஐவியுடன் இன்று வாழ்கிறவர்களின் அளவு இந்த நீர்மட்டம். இவ்வாண்டு புதிதாகத் தொற்றுக்கு உள்ளானவர்கள் வரத்து. இறந்துபோனவர்கள் மதகு வழியே போன நீர். கர்ப்பிணிகளிடம் நாம் அளப்பது மட்டத்தை. நமக்கு உண்மையில் தெரிய வேண்டியதோ வரத்து.

மட்டம் இரண்டு காரணங்களால் இறங்கலாம். வரத்து குறைந்திருக்கலாம், அது நல்ல செய்தி. அல்லது மதகு அகலத் திறந்திருக்கலாம். அதாவது மருந்து கிடைக்காமல் மக்கள் இறந்துகொண்டிருக்கலாம். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் காணப்பட்ட இறக்கத்தை ஆய்வாளர்கள் உடனே கொண்டாடாமல் ஐயத்துடன் பார்த்தது இதனால்தான். 1990-களில் தொற்றியவர்கள் பெருமளவில் இறக்கும் காலம் அது.

மறுபக்கமும் உண்டு. கூட்டு மருந்து வந்த பிறகு எச்ஐவியுடன் வாழ்வோர் நீண்ட காலம் வாழ்கிறார்கள். மதகு அடைபடுகிறது. வரத்து குறைந்தாலும் மட்டம் இறங்காமல் நிற்கும், சில வேளை ஏறக்கூடச் செய்யும். ‘எச்ஐவி உள்ளோர் எண்ணிக்கை உயர்வு’ என்ற தலைப்பு, மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளமாகவும் இருக்கக்கூடும். எத்தனையோ முறை அந்த உயர்வு தோல்வியாகவே எழுதப்பட்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனெனில் அந்த எண்ணுக்குள் உயிர் தப்பிய மனிதர்கள் இருக்கிறார்கள்.

வரத்தை அறிய ஒரு வழி, இளையோரை மட்டும் தனியே பார்ப்பது. 15 முதல் 24 வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் பாலுறவு வாழ்வைத் தொடங்கிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். அவரிடம் தொற்று இருந்தால் அது பெரும்பாலும் அண்மையில் வந்தது. எய்ட்ஸால் இறக்கும் அளவுக்குக் காலமும் கழிந்திருக்காது. ஆகவே இளையோரிடம் காணும் அளவு, வரத்தின் நிழல் போன்றது. படிவத்தில் ‘இது எத்தனையாவது கர்ப்பம்’ என்று கேட்பதன் பொருளும் இதுவே: முதல் கர்ப்பத்தில் வருபவர்களைத் தனியே பிரித்துப் பார்க்கலாம்.

2006-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் செய்தது. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், மகாராட்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களின் கர்ப்பகாலப் பிரிவுகளுக்கு வந்த 15-24 வயதுப் பெண்களிடம், 2000-இல் 1.7 சதவீதமாக இருந்த தொற்று 2004-இல் 1.1 சதவீதமாகக் குறைந்திருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வீழ்ச்சி. இலவச மருந்து பரவலாவதற்கு முன்பே, இறப்புகளால் விளக்க முடியாத வயதினரிடம் இது நடந்திருந்ததால், வரத்தே குறைந்திருக்கிறது என்று நம்ப அது வலுவான சான்றாயிற்று. பாலியல் தொழிலில் ஆணுறைப் பயன்பாடு பெருகியது காரணமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

ஆணுறைப் பயன்பாட்டையும் ஊகமாக விட்டுவிடவில்லை. தமிழ்நாட்டில் 1996 முதல், பாலியல் தொழிலாளர், லாரி ஓட்டுநர், ஆலைத் தொழிலாளர் போன்றோரிடம் நடத்தைக் கண்காணிப்பு ஆய்வு என்ற பெயரில், கடைசி உறவின்போது ஆணுறை பயன்படுத்தினீர்களா என்பது போன்ற கேள்விகளை ஆண்டுதோறும் ஒரே மாதிரியாகக் கேட்டுவந்தார்கள். அந்நாளில் சுவரெங்கும் தொலைக்காட்சியெங்கும் கேட்ட ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வியை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர் இருப்பார்கள். அதைப் போன்ற விளம்பரங்கள் மக்களின் நடத்தையை மாற்றுகின்றனவா என்று பார்க்க, இரத்தப் பரிசோதனை போதாது. இந்தக் கேள்வித்தாள்கள் வேண்டும்.

கோபுரம் கோணலாக இருந்தால்

காவல் கோபுரத்திலிருந்து தெரிவது முழு நாடும் அல்ல. ஆண்கள் அதில் இல்லை. குழந்தை இல்லாத பெண்கள் இல்லை. தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இல்லை. எச்ஐவி உள்ள பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு சற்றுக் குறைவதால் அவர்களும் ஓரளவு விடுபடுகிறார்கள்.

இந்தக் கோணல் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதை ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டம் காட்டியது. லலித் தந்தோனா தலைமையிலான ஆய்வுக் குழு 2004-05-இல் அங்கு வீடு வீடாகச் சென்று 12,000-க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தது. அதன்படி மாவட்டத்தில் சுமார் 46,000 பேருக்குத் தொற்று இருந்தது. அரசு அப்போது பின்பற்றிய, காவல் இடங்களை வைத்துக் கணக்கிடும் முறையோ 1,12,000-க்கும் மேல் என்றது. இரண்டரை மடங்கு. ஒரு காரணம், தனியார் மருத்துவமனைகள் எச்ஐவி உள்ளவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்ததால், அங்குள்ள வரிசையில் அவர்கள் தம் பங்குக்கு மீறிச் சேர்ந்திருந்தார்கள். ஏழைகள் அங்கு மிகுதியாக வந்ததும், பால்வினை நோய்ப் பிரிவில் கிடைத்த உயர்ந்த அளவைப் பொதுமக்கள் கணக்கில் சேர்த்ததும் பிற காரணங்கள்.

இதற்குப் பின், காவல் இடங்கள் நாடு முழுவதும் 1,100-க்கும் மேலாக விரிந்ததையும், நாம் முதலில் பார்த்த குடும்பநல ஆய்வின் முடிவையும் சேர்த்து, 2007 ஜூலையில் இந்தியா தன் மதிப்பீட்டைத் திருத்தியது. 52 லட்சம் என்று சொல்லப்பட்டு வந்த எண்ணிக்கை சுமார் 25 லட்சமாயிற்று. ஓராண்டில் 27 லட்சம் பேர் குணமாகவும் இல்லை, இறக்கவும் இல்லை. அளவுகோல் திருத்தப்பட்டது, அவ்வளவுதான்.

ஆனால் கோணலான கோபுரமும் ஒன்றுக்குப் பயன்படும். ஆண்டுதோறும் அதே கோணலில் நின்று பார்த்தால், உண்மையான உயரம் தெரியாவிட்டாலும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடினாலும், சமையலுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை அது சரியாகவே சொல்லும். இடையில் யாராவது முள்ளைத் திருப்பிவைத்தால்தான் குழப்பம். ஆகவே புதிய இடங்களைச் சேர்க்கும் ஆண்டில், பழைய இடங்களின் போக்கைத் தனியே கணக்கிட வேண்டும். தொற்று குறைந்த சிற்றூர்களில் புதிதாக இருபது இடங்களைச் சேர்த்தால், ஒருவருக்கும் தொற்றுக் குறையாமலேயே மாநிலச் சராசரி இறங்கிவிடும்.

இன்று கர்ப்பிணிகளின் தரவு, குடும்பநல ஆய்வின் அளவு, மக்கள்தொகைக் கணக்கு, மருந்து பெறுவோர் எண்ணிக்கை ஆகிய எல்லாவற்றையும் ஸ்பெக்ட்ரம் என்னும் கணினி மென்பொருளில் இட்டு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தொடக்கம் முதல் இன்றுவரை ஒரு வளைகோட்டை வரைகிறார்கள். புதிய தொற்று, இறப்பு ஆகியவையும் அதிலிருந்தே பெறப்படுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் பழைய ஆண்டுகளும் சேர்ந்து மறுபடி கணக்கிடப்படுகின்றன என்பதை வாசகர் மறக்கலாகாது. 2012-இல் வெளியான அறிக்கையிலிருந்து ஓர் எண்ணையும், 2023-இல் வெளியானதிலிருந்து மற்றோர் எண்ணையும் எடுத்துக் கழித்துப் பார்ப்பது தவறு. இரண்டு ஆண்டுகளையும் ஒரே அறிக்கையிலிருந்து எடுக்க வேண்டும்.

சராசரிக்குள் ஒளிந்திருப்பவர்கள்

இந்தியாவில் எச்ஐவி எல்லோரிடமும் சமமாகப் பரவவில்லை. பாலியல் தொழிலாளர், ஆணுடன் உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கையர், ஊசி வழியே போதை மருந்து ஏற்றிக்கொள்வோர் ஆகியோரிடம் அது பொதுமக்களைவிடப் பல மடங்கு மிகுதி. ஆகவே அவர்களிடம் பணியாற்றும் தொண்டு அமைப்புகள் வழியாக, ஒவ்வோர் இடத்திலும் 250 பேர் என்ற அளவில் தனியே கண்காணிக்கிறார்கள். மாநிலச் சராசரி இறங்கும் அதே ஆண்டில் ஒரு பிரிவினரிடம் ஏறிக்கொண்டிருக்கலாம். மணிப்பூரிலும் மிசோரத்திலும் ஊசிப் பகிர்வு தொற்றைப் பரப்பிய அளவைக் கர்ப்பிணிகளை மட்டும் பார்த்து முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. இன்று நாட்டின் சராசரி 0.2 சதவீதமாக இருக்க, மிசோரத்தில் அது 2 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது.

தமிழ்நாட்டுக்கு இப்போது வேறு வகைச் சிக்கல் வந்திருக்கிறது. அது வெற்றியால் வந்த சிக்கல். அளவு 0.2 சதவீதமாகிவிட்டால், 400 பேரில் எதிர்பார்க்கக்கூடியது ஒருவருக்கும் குறைவு. கணக்கிட்டுப் பார்த்தால், இப்படிப்பட்ட 100 இடங்களில் சுமார் 45 இடங்களில் ஒருவரிடம்கூடத் தொற்று தெரியாது. அந்த ஊர்களில் தொற்று இருந்தும் பூச்சியம் என்றே பதிவாகும். 1 சதவீதமாக இருந்த காலத்தில் அப்படி ஏமாற்றும் பூச்சியம் 100 இடங்களில் இரண்டில்தான் வந்திருக்கும். மீன் சிறிதாகச் சிறிதாக வலையின் கண்ணும் சிறிதாக வேண்டும்.

அதனால் கவனம் நம்பிக்கை மையங்களின் அன்றாடப் பதிவேடுகள் பக்கம் திரும்புகிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் ஏறத்தாழ அனைவருக்கும் அங்கே பரிசோதனை நடப்பதால், 400 பேருக்குப் பதிலாக ஒரு மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் வந்த ஆயிரக்கணக்கானோரின் முடிவும் கையில் இருக்கிறது. தொற்று உறுதியானவரின் இரத்தத்தில், கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் அக்கிருமியுடன் எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்பதை அளந்து, தொற்று சில மாதங்களுக்குள் வந்ததா, பல ஆண்டுகளுக்கு முன் வந்ததா என்று பிரிக்கும் சோதனைகளும் உள்ளன. நீர்மட்டத்தை விட்டு வரத்துக்காலிலேயே அளவுகோலை நடும் முயற்சி அது. நெடுங்காலம் மருந்து எடுத்து வருபவரின் எதிர்ப்பொருள் தளர்ந்து, பழைய தொற்றும் புதியது போலத் தோன்றிவிடக்கூடும் என்பதால், அவரிடம் கிருமியின் அளவையும் உடன் சோதித்த பிறகே ‘புதிது’ என்ற கட்டத்தில் குறியிடுகிறார்கள்.